திருகோணமலைக் கரையில் ஓர் ஒலி நிறுவல்: கேட்பதிலிருந்து கட்டுவது வரை

மாலை ஆறு மணியளவில் டச்சு விரிகுடா மணலில் நின்றால் கோணேசர் மலைப் பக்கமிருந்து பூசை மணி வரும். சற்றுப் பிந்தி நகரப் பக்கமிருந்து மாலைத் தொழுகைக்கான மஃரிப் பாங்கு. இடையில் கச்சான் (நிலக்கடலை) வறுப்பவரின் கரண்டிச் சத்தம், ஓட்டோக்களின் ஹோர்ன், இவற்றுக்கெல்லாம் அடியில் அலை. ஒவ்வொன்றும் தன் திசையிலிருந்து, தன் தூரத்திலிருந்து வருகிறது. நீங்கள் பத்து அடி நடந்தால் அவற்றின் அளவு மாறிவிடுகிறது.

இந்த வழிகாட்டி முழுவதும் நான் சொல்லப்போவது இந்த ஒன்றை வைத்துத்தான்: திருகோணமலையைப் பற்றி ஒலி நிறுவல் செய்பவர் எல்லாக் குரல்களையும் ஒரே ட்ராக்கில் போட்டுக் கலக்கக் கூடாது. ஒவ்வொரு குரலுக்கும் ஓர் இடம் கொடுங்கள். கலப்பதை நடந்து கேட்பவரின் காதிடம் விட்டுவிடுங்கள்.

ஒலி நிறுவலுக்குக் கச்சேரி போலத் தொடக்கமும் முடிவும் கிடையாது. ஓர் இடத்தில் ஒலி இருக்கும். மக்கள் வருவார்கள், நிற்பார்கள், போவார்கள். கடற்கரைக்கு இது புதிதும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் 1986இல் கட்டிய அலை ஓர்கன் குழாய்களுக்குள் கடல்நீர் ஏறி இறங்குவதால் ஒலிக்கிறது. குரோஷியாவின் சாடர் நகரில் கட்டடக் கலைஞர் நிக்கோலா பாஷிச் 2005இல் முடித்த கடல் ஓர்கன் சுமார் 70 மீற்றர் நீளமுள்ள கரைப் படிக்கட்டு. அதன் அடியில் 35 குழாய்கள். அலை தள்ளும் காற்றுத்தான் அவற்றை ஊதுகிறது. கனடாவில் மரே ஷேஃபரும் அவருடன் இருந்தவர்களும் ஒவ்வோர் ஊருக்கும் நில அடையாளம் இருப்பதுபோல ஒலி அடையாளமும் உண்டு என்று சொல்லி, அதைப் பதிவு செய்யும் முறையை 1970களிலேயே வகுத்துவிட்டார்கள். அந்த முறை நமக்குப் பயன்படும். அவர்கள் அழகியலை அப்படியே எடுக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு துண்டுக் கரை

திருகோணமலை மாவட்டக் கரை முழுவதையும் ஒரே வேலைக்குள் அடக்க முயலாதீர்கள். குச்சவெளியிலிருந்து வெருகல் வரைக்கும் நூறு உலகங்கள் இருக்கின்றன. ஒரு கிலோமீற்றருக்கு மேற்படாத ஒரு துண்டை எடுங்கள்.

டச்சு விரிகுடாவுக்கு மாலை நேரத்தில் குடும்பங்கள் தாமாகவே வருகின்றன. ஆட்களைக் கூட்ட வேண்டியதில்லை. திருக்கடலூர்ப் பக்கம் தொழில் செய்யும் கரை. அங்கே நிறுவல் வைப்பதென்றால் வலை காயும் இடத்தையும் படகு ஏற்றும் தடத்தையும் மறிக்கக் கூடாது. உட்துறைமுகப் பக்கம் தண்ணீர் அமைதியாக இருப்பதால் மெல்லிய குரலும் எடுபடும், ஆனால் கடற்படையின் கண் எப்போதும் இருக்கும். கிண்ணியாப் பாலத்தடி என் விருப்பத்துக்குரிய இடம். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை அந்த நீரை மக்கள் ‘பாதை’ என்ற மிதவையில்தான் கடந்தார்கள். வாகனமும் ஆட்களும் ஏறும் அந்த மிதவையின் சங்கிலிச் சத்தமும், கரை தட்டும்போது எழும் கூச்சலும் இன்று அங்கே இல்லை. கேட்டவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கின்றன. அப்படி மறைந்துபோன ஓர் ஒலியை மையமாக வைத்தால் நிறுவலுக்குத் தானாகவே ஒரு கேள்வி கிடைத்துவிடும்.

கருவி எடுக்காமல் கேளுங்கள்

தெரிந்தெடுத்த துண்டில் விடிய முன்னும், நண்பகலும், மாலையும், நள்ளிரவுக்குச் சற்று முன்னும் கொப்பியோடு மட்டும் போய் உட்காருங்கள். என்ன ஒலி, எந்தத் திசை, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். கூடவே ஒரு காற்று நாட்காட்டி தேவை. ஏறத்தாழ நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வாடை என்ற வடகிழக்குக் காற்று. கடல் குமுறும், மழை கொட்டும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். கிழக்குக் கடல் தட்டையாகக் கிடக்கும். அதே கரைத் துண்டில் இவ்விரு காலத்துக்கும் ஒலி முற்றிலும் வேறு. கடலுக்குள் இறங்கும் வேலைகளைக் கச்சான் காலத்துக்கு வையுங்கள். வாடைக் காலத்தில் தொழிலாளர் கரையில் இருந்து வலை பொத்துவார்கள். அதுதான் அவர்களுடன் ஆறுதலாகப் பேசக்கூடிய காலம். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்கள், ரமழான் இரவுகள், வெசாக், நத்தார் எல்லாம் நாட்காட்டியில் இருக்கட்டும்.

சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் இந்த மலையைப் பாடிய பதிகத்தில் கடல் ஒலித்துக்கொண்டே முத்தைக் கரையில் தள்ளுகிறது. இராவணன் வெட்டின் ஓரத்தில் நின்று கீழே கேளுங்கள். அலை பிளவுக்குள் புகுந்து வெளிவர எடுக்கும் அந்த இடைவெளி உங்கள் நிறுவலின் தாளமாகவே அமையலாம்.

அனுமதிகள்

இதைப் பிந்திப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரச் சட்டப்படி சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப் பக்கம் 300 மீற்றரும், சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அதற்குள் ஏதாவது கட்டுவதென்றால் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தைக் கேட்க வேண்டும். கழற்றி எடுக்கக்கூடிய தற்காலிக அமைப்பு என்றால் உள்ளூராட்சிச் சபை, பிரதேச செயலகம், பொலிஸ் என்று தொடங்கலாம். கோட்டைக்குள் என்றால் இராணுவமும் தொல்பொருள் திணைக்களமும். துறைமுகத்தில் கடற்படையும் துறைமுக அதிகாரசபையும். புறாமலை தேசிய பூங்கா. அது வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ். தண்ணீருக்குள் மைக் இறக்குவது பாதுகாப்புத் தரப்பின் காதுக்கு வேறு மாதிரிப் போய்ச் சேரும், ஆகையால் கருவியின் படத்தைக் கடிதத்தோடு இணையுங்கள். இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கி இல்லை என்றே திட்டமிடுங்கள்.

கடிதங்களுக்கு முன் மீனவர் சங்கத்திடமும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் நேரே போய்ப் பேசுங்கள். அவர்கள் தலையசைத்தால் மற்றக் கதவுகள் எளிதாகத் திறக்கும்.

பதிவு: காற்றில்

பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். கையடக்க ரெக்கோடர் போதும். அதன் விலையில் பாதியைக் காற்றுக் கவசத்துக்கு ஒதுக்குங்கள். மயிர் அடர்ந்த கவசம் இல்லாமல் இந்தக் கரையில் எடுக்கும் எந்தப் பதிவும் காற்றின் உறுமல்தான். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் அளவை வையுங்கள். அலையைத் தூரத்திலிருந்து எடுத்தால் வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். நுரை மணலில் வற்றும் இடத்துக்கு அருகே, முழங்கால் உயரத்தில் மைக்கைப் பிடித்தால் குமிழிகள் உடைவதே தனித்தனியாகக் கேட்கும். கருவிப் பைக்குள் சிலிக்கா ஜெல் எப்போதும் கிடக்கட்டும்.

பதிவு: தண்ணீருக்குள்

கிழக்குக் கரையில் தண்ணீருக்குள் கேட்பது பழைய பழக்கம். மட்டக்களப்பு வாவியில் துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்டவர்களின் ஊர்களுக்கு அயலவர் நாங்கள். நீரடி மைக் வாங்க வசதியில்லாவிட்டால் 27 மில்லிமீற்றர் பீசோ தட்டு ஒன்றில், ஒலிச் சிக்னலுக்கான கவச வயரை ஈயப்பற்று வைத்து ஒட்டி, இரண்டு பக்கமும் எப்பொக்சி பூசி நன்றாகக் காயவிடுங்கள். பீசோவின் மின்தடை மிக அதிகம். நேரே ரெக்கோடரில் செருகினால் அடிச்சுரங்கள் காணாமற் போகும், நடுவே ஒரு சிறிய முன்பெருக்கி தேவை. ரெக்கோடரில் தாழ்சுர வெட்டியை அணைத்துவிடுங்கள்.

பவளப் பாறைகளுக்கு அருகே இறக்கியவுடன் கேட்பது கடுகு தாளிக்கும் சத்தம். அது வெடியிறால்கள் கொடுக்கை மூடும்போது உண்டாகும் குமிழி உடையும் ஒலி. இதைக் கேட்டதும் கருவி பழுதென்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

இன்னும் ஆழத்துக்குப் போனால் இந்தக் கரையின் பெரிய குரல். திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு கரையை மிக நெருங்கி வருகிறது. அதனால் நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் தரைக்கு அருகிலேயே வருகின்றன. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு, 1980களின் தொடக்கத்தில் டூலிப் என்ற பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில்தான் அவற்றைக் கேட்டார்கள். இங்குள்ள நீலத் திமிங்கிலத்தின் பாட்டில் சுமார் 100 ஹெர்ட்ஸில் நீண்டு நிற்கும் ஒரு தனிச்சுரம் உண்டு. அரை நிமிடம்வரை அது இழுபடும். படகை விலகி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து மீற்றர் வயரை இறக்கிக் காத்திருங்கள். கிடைக்காமலும் போகலாம். கப்பல் எஞ்சின்களின் முனகல் நிச்சயம் கிடைக்கும். அதையும் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் இந்தக் கடலின் சரித்திரம்.

மனிதக் குரல்கள்

நேரத்தின் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள்.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவை எடுத்துக்கொள்வோம். பல கரைகளில் இன்று வலையை இயந்திரம் இழுக்கிறது, அதனால் பாட்டும் ஓய்ந்துவிட்டது. வயதான ஒரு மண்டாடியை (வலை இழுப்பை நடத்துபவரை) கதிரையில் இருத்தி மைக்கை நீட்டினால் இரண்டு வரி சொல்வார், பிறகு மறந்துபோச்சுது தம்பி என்பார். கையில் கயிற்றைக் கொடுங்கள். மறுமுனையை ஒரு தென்னையில் கட்டி, அவரோடு நாலு பேர் பிடித்து இழுக்கட்டும். குதிக்கால் மணலில் புதையும்போது முதல் அடி வரும், உடல் பின்னால் சாயும்போது ஏலேலோ வரும், மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். மறந்த வரிகளும் அந்த மூச்சோடு வந்துவிடும். மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கயிற்றுக்கும் வாய்க்கும் இடையில் பிடியுங்கள். கயிறு முறுகும் சத்தம் இல்லாத அம்பா பாதி அம்பாதான்.

இதே கரையில் பருவத்துக்குப் பருவம் மேற்குக் கரையிலிருந்து வந்து தொழில் செய்யும் மீனவர்கள் இருக்கிறார்கள். வந்து தங்கிவிட்ட சிங்களக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் இழுப்புக்குப் பாடியவர்கள். மூதூர், வெருகல் கரையோரத்தில் வேடர் குடும்பங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் றபான் மேளம் தட்டிப் பைத் என்ற பாட்டுப் பாடும் பக்கீர்மார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசிய பறங்கியர் வீடுகளில் இன்னும் கஃபிரிஞ்ஞா ஆட்டத்தின் தாளம் தெரிந்தவர்கள் உண்டு. போர்த்துக்கேயர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லில் கோட்டை கட்டினார்கள். அவர்களின் மொழி இங்கே எளிய மக்களின் வீட்டுப் பேச்சாகவும் கலியாண வீட்டுப் பாட்டாகவும் தங்கியது. இரண்டும் ஒரே கரையில் நடந்தவை. இரண்டையும் அருகருகே வைக்கத் தயங்காதீர்கள்.

கேள்விகளைச் சரித்திரத்திலிருந்து தொடங்காதீர்கள். இந்த ஊரில் யார் முதலில் வந்தார் என்ற வழக்கு எந்தப் பேச்சையும் விழுங்கிவிடும். “உங்கள் சின்ன வயதில் விடியற்காலையில் முதலில் கேட்ட சத்தம் எது?”, “கடல் பொல்லாததாகும் என்று எந்தச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்?”, “இப்போது கேட்காமல் போன சத்தம் எது?” என்று கேளுங்கள். மூத்தவர்களை ஐயா, அம்மா, வாப்பா, உம்மா என்று அவரவர் முறைப்படியே கூப்பிட்டு, பேச்சு நீளுமிடத்தில் குறுக்கிடாமல் விடுங்கள். சிங்களத்திலும் கிரியோலிலும் வரும் பேச்சுக்கு மொழி தெரிந்த உள்ளூர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

சம்மதம் இரண்டு தடவை வாங்குங்கள்: பதிவுக்கு முன் ஒன்று, வெட்டித் தொகுத்ததைக் கேட்கவைத்த பிறகு ஒன்று. வேண்டாம் என்றால் எந்தக் கட்டத்திலும் எடுத்துவிட வேண்டும். தொழிலுக்குப் போகாமல் உங்களுடன் இருந்தவருக்கு அந்த நாளின் உழைப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

இரண்டு விடயங்களில் நான் கண்டிப்பானவன். பாங்கு, தேவாரம், பௌத்தப் பிரித், செபம் எதையும் வெட்டித் திரும்பத் திரும்பச் சுழலவிடக் கூடாது. அவை ஊரில் தாமாகவே ஒலிக்கின்றன. அந்த நேரத்தில் உங்கள் ஸ்பீக்கர்கள் அடங்கட்டும். மற்றது, பயம் தரும் ஒலிகள். 2004 டிசெம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் இந்தக் கரையில்தான் மாலையில் நடக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்ட கதை பாட்டிமார் வழி வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வந்த வெடிச் சத்தங்களைக் கேட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கனத்த அடிச்சுர ஸ்பீக்கரில் கடலின் உறுமலையோ வெடியையோ எழுப்பி ஆட்களைத் திடுக்கிடவைப்பது கலை ஆகாது. அந்த நாட்களைச் சொல்லவேண்டுமானால் ஒருவர் தாழ்ந்த குரலில் சொல்லட்டும்.

தொகுத்தல்

எடுத்ததில் பத்தில் ஒன்பது பங்கை விடுங்கள். ஒவ்வொரு குரலையும் தனி ஒற்றை ட்ராக்காக வையுங்கள். எதிரொலி, பின்னணி இசை வேண்டாம். ட்ராக்குகளின் நீளம் வேறுபடட்டும்: ஒன்று 7 நிமிடம், ஒன்று 11, ஒன்று 13. ஒன்றாகத் தொடங்கினாலும் இவை மீண்டும் அதே சேர்க்கையில் சந்திக்க 1001 நிமிடம், அதாவது 16 மணிக்கும் மேல் ஆகும். நேற்று வந்தவர் இன்று வேறொன்றைக் கேட்பார். ஒவ்வொரு ட்ராக்கிலும் மூன்றில் ஒரு பங்கு மௌனம் இருக்கட்டும், அலைக்கு இடம் வேண்டும்.

திமிங்கிலத்தின் 100 ஹெர்ட்ஸ் சுரம் சிறிய ஸ்பீக்கரில் எடுபடாது. இரட்டிப்பு வேகத்தில் ஓட்டினால் 200 ஹெர்ட்ஸாகிக் கேட்கும், ஆனால் அப்படிச் செய்ததை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள்.

எதிலிருந்து ஒலிக்கும்

தொழிலுக்கு உதவாத பழைய வள்ளம் ஒன்று கிடைத்தால் அதையே ஸ்பீக்கராக்கலாம். அதிர்வூட்டி என்றொரு சிறு கருவி உண்டு. கூம்பில்லாத ஸ்பீக்கர் என்று சொல்லலாம். அதை உட்பக்கப் பலகையில் திருகினால் பலகையே ஒலிக்கும். இரண்டு விலா மரங்களுக்கு நடுவே, பலகை மெலிந்த இடத்தை விரலால் தட்டிப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பலகையில் காதை வைத்தால் குரல் எலும்புக்குள் வரும். இரண்டடி தள்ளி நின்றால் முணுமுணுப்பு. பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே காதை வைப்பார்கள். தாழ்சுரமும் இதில் ஓரளவு வரும் என்பதால் திமிங்கிலத்துக்கு உகந்த இடம் இதுதான்.

மற்றக் குரல்களுக்குச் சிறிய, நீர் புகாத ஸ்பீக்கர்களைக் காது உயரத்தில், 15 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி 6 டெசிபல் குறையும்: 1 மீற்றரில் 75 என்றால் 2இல் 69, 4இல் 63, 8இல் 57. மிதமான அலைச் சத்தத்தில் எட்டாவது மீற்றரில் குரல் கடலுக்குள் கரைந்துவிடும். ஒவ்வொரு குரலுக்கும் ஓர் எல்லை இப்படித்தான் உருவாகிறது. திருவிழாக் குழாய் ஸ்பீக்கரைத் தவிருங்கள், அது தூரத்துக்குக் கூப்பிடுவதற்காகச் செய்தது.

மின்சாரமில்லாத அலை ஓர்கன் கட்ட ஆசைப்படுபவர்களுக்கு: இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே வற்றுப்பெருக்கை நம்பாமல் சாடர் போல அலையின் தள்ளலை நம்ப வேண்டும். வாடையில் பாடும், கச்சானில் ஓயும். இரு பக்கமும் திறந்த ஒரு மீற்றர்க் குழாய் ஏறத்தாழ 170 ஹெர்ட்ஸ் தரும். பாதி நீளம் அதன் இரட்டிப்பு. பாறை இடுக்கில் கழற்றக்கூடிய பீவீசீக் குழாய்களோடு சோதித்துப் பாருங்கள், சீமெந்து வேண்டாம்.

மின்சாரமும் உப்பும்

நாலு ஸ்பீக்கருக்கும் அம்பிளிபயருக்கும் பிளேயருக்கும் சேர்த்து 20 வாற் என்று வைத்தால், 8 மணித்தியாலத்துக்கு 160 வாற்-மணி. 12 வோல்ற் பற்றரியில் அது 13.3 அம்பியர்-மணி. ஈய பற்றரியைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது, ஆகவே குறைந்தது 27. பழசாவதையும் சேர்த்து 40 வாங்குங்கள். பிளேயருக்கு மெமரி கார்ட் போடும் சின்ன எம்பீத்ரீ மொடியூல், ட்ராக்குக்கு ஒன்றாக, போதும். கணினி வைத்தால் வெயிலில் நின்றுவிடும்.

உப்புக் காற்று ஒரு வாரத்தில் செம்பைப் பச்சையாக்கும். இணைப்புகளை ஈயப்பற்று வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட்டுச் சுருக்கி, மேலே சிலிக்கோன் பூசுங்கள். கருவிப் பெட்டியில் வயர் நுழையும் ஓட்டை எப்போதும் அடிப்பக்கம். வயரை மணலுக்குள் ஒரு முழம் புதையுங்கள். கோட்டையிலிருந்து இறங்கி வரும் புள்ளிமான்களின் கால் சிக்கினால் மானுக்கும் கேடு, வேலைக்கும் கேடு.

திறந்த பிறகு

முதற் பார்வையாளர்கள் குரல் தந்தவர்களும் அவர்கள் குடும்பங்களுமாக இருக்கட்டும். பலகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும், நீண்ட விளக்கம் வேண்டாம். பிறகு ஓரமாக நின்று ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். யாரும் நிற்காத ஸ்பீக்கரை நகர்த்துங்கள். ஒரு குரல் பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவென்றால் அன்றே குறையுங்கள்.

பதிவுகளை வன்தட்டில் பூட்டிவைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் அவர் குரல் ஒரு பென்டிரைவில் போகட்டும்; பலர் போனிலேயே கேட்பார்கள், வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். சம்மதித்தவற்றை வெட்டாத முழு வடிவில், இடம், திகதி, பேசியவர் விரும்பிய பெயர், மொழி ஆகிய குறிப்புகளோடு நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்கும் ஊர்ப் பாடசாலைக்கும் கொடுங்கள். திமிங்கிலப் பதிவு கிடைத்திருந்தால் நேரத்தையும் படகு நின்ற இடத்தையும் சேர்த்து எழுதுங்கள், ஆய்வாளருக்கு உதவும்.

கழற்றும் நாளில் வள்ளத்தை உரியவரிடம் ஆணித் துளைகளை அடைத்துக் கொடுங்கள். வயர்த் துண்டு, கேபிள் டை, ரேப் எல்லாவற்றையும் வலை அரிப்பதுபோல மணலை அரித்து எடுங்கள். மறுநாள் காலையில் அதே இடத்தில் வெறுங்காலோடு வலை மடி இழுப்பவர்கள் நிற்பார்கள்.